கார்பன் மோனாக்சைடு: மைனஸ் எந்தப் பக்கம்?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோட் ஒரே ஒரு மூலக்கூறு பத்தினது. அதுல ரெண்டே அணு: ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன். பேரு கார்பன் மோனாக்சைடு. கேள்வியும் ஒண்ணுதான். இந்த மூலக்கூறுல பிளஸ் எந்தப் பக்கம், மைனஸ் எந்தப் பக்கம்?

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி ஞாபகம் இருக்கிறவங்க யோசிக்காம பதில் சொல்லிடுவீங்க. எலக்ட்ரானை அதிகமா இழுக்கிறது ஆக்சிஜன், அதனால ஆக்சிஜன் பக்கம்தான் மைனஸ்னு. நியாயமான பதில். ஆனா அளந்து பார்த்தா விடை தலைகீழ். மைனஸ் முனை கார்பன் பக்கம் இருக்கு. இது ஏன்னு புரிஞ்சுக்கறதுதான் இன்னைக்கு வேலை. பரீட்சைக்காக இல்லை. இந்த வாயு மனுஷனைக் கொல்றதுக்கான காரணமும் அந்தக் கார்பன் முனையிலதான் இருக்கு.

உப்பளத்துல இருந்து ஆரம்பிக்கலாம்

கோடியக்கரைன்னு சொன்னதும் பாதிப் பேருக்குப் பொன்னியின் செல்வன் பூங்குழலி ஞாபகம் வரும். மீதிப் பேருக்குப் பூநாரை. எனக்கு இந்த எபிசோடுக்கு வேண்டியது அந்த ஊருக்குப் போற வழியில இருக்கு. வேதாரண்யத்துல இருந்து கோடியக்கரைக்குப் போனா அகஸ்தியம்பள்ளி வரும். அந்தப் பக்கம் பூரா உப்பளம். 1930 ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியில இருந்து நடக்க ஆரம்பிச்ச ராஜாஜியும் தொண்டர்களும், அந்த மாசக் கடைசியில இங்கதான் உப்பு அள்ளிக் கைதானாங்க.

சரி, உப்பளத்துல நடக்கிறது என்ன? கடல் தண்ணியைப் பாத்தியில தேக்குவாங்க. வெயில் தண்ணியை எடுத்துக்கும், உப்பு தங்கிடும். ஒரு லிட்டர் கடல் தண்ணியில சுமார் 35 கிராம் உப்புகள் கரைஞ்சிருக்கும். கல்லு மாதிரி இருக்கிற உப்பை இத்தனை சுலபமா பிரிச்சு வச்சிருக்கிறது எது? தண்ணி மூலக்கூறுக்குள்ள மின்னூட்டம் பரவியிருக்கிற விதம்.

தண்ணியில ஒரு ஆக்சிஜன், ரெண்டு ஹைட்ரஜன். மூணும் ஒரே நேர்கோட்டுல இல்லை. 104.5 டிகிரி கோணத்துல வளைஞ்சிருக்கு. எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் சாயுறதால அந்தப் பக்கம் லேசா மைனஸ், ஹைட்ரஜன் பக்கம் லேசா பிளஸ். உப்புல இருக்கிற சோடியம் பிளஸ், குளோரைடு மைனஸ். சோடியத்தை ஆக்சிஜன் முனைகள் சூழ்ந்துக்கும், குளோரைடை ஹைட்ரஜன் முனைகள் சூழ்ந்துக்கும். ரெண்டும் தனித்தனியா மிதக்கும். தண்ணி ஆவியாகிப் போனா, பிரிச்சு வைக்க ஆள் இல்லை. திரும்ப ஒண்ணு சேர்ந்து படிகமாகிடும். ஒரு ஊரோட தொழிலே இந்தச் சின்னச் சாய்மானத்து மேல நிக்குதுன்னு சொன்னா மிகையில்லை.

இந்தச் சாய்மானத்தை அளக்க ஒரு எண் இருக்கு. அதுக்கு டைபோல் மொமெண்ட்னு பேரு, தமிழ்ப் பாடப்புத்தகத்துல இருமுனைத் திருப்புத்திறன். அலகு டிபை. தண்ணிக்கு 1.85 டிபை. இங்க ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும். இந்த எண் வெறும் மின்னூட்டத்தோட அளவு இல்லை. மின்னூட்டம் பெருக்கல் தூரம். எவ்வளவு இருக்குங்கறதும் கணக்கு, எவ்வளவு தள்ளி இருக்குங்கறதும் கணக்கு.

பூஜ்யம்னா ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தமா?

அடுத்து கார்பன் டை ஆக்சைடு. நடுவுல கார்பன், ரெண்டு பக்கமும் ஆக்சிஜன், நேர்கோடு. ரெண்டு ஆக்சிஜனும் எலக்ட்ரானை இழுக்குது. ஆனா எதிரெதிர்த் திசையில, சமமா. அதனால மொத்த டைபோல் பூஜ்யம். உள்ளே இழுபறி நடக்கலைன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. ரெண்டு முனையும் மைனஸ், நடு பிளஸ். கூட்டிப் பார்க்கும்போது மட்டும்தான் பூஜ்யம்.

என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது நல்லாத் தெரியும். டாஷ்போர்டுல சராசரி ரெஸ்பான்ஸ் டைம் அழகா இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தா பாதி யூசர்களுக்கு பேஜே லோடு ஆகியிருக்காது. மொத்தம் ஒரு கதை சொல்லும், பரவல் வேற கதை சொல்லும்.

இப்ப நம்ம ஹீரோவுக்கு வருவோம். இல்லை, வில்லன்.

0.11 டிபை

கார்பன் மோனாக்சைடுல ரெண்டே அணுதான். எதிர்ப்பக்கம் இழுத்துச் சமன் செய்ய மூணாவது அணு கிடையாது. எலக்ட்ரானை இழுக்கிற திறனைக் குறிக்கிற பாலிங் அளவுகோல்ல ஆக்சிஜனுக்கு 3.44, கார்பனுக்கு 2.55. வித்தியாசம் 0.89. ஒப்பிட்டுப் பார்க்க ஹைட்ரஜன் குளோரைடை எடுத்துக்கலாம். அதுல வித்தியாசம் 0.96, டைபோல் சுமார் 1.1 டிபை. அப்ப கார்பன் மோனாக்சைடுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு எதிர்பார்ப்போம்.

அளந்தா வர்றது சுமார் 0.11 டிபை. பத்துல ஒரு பங்கு. ஒரு முழு எலக்ட்ரான் கார்பன்ல இருந்து ஆக்சிஜனுக்குத் தாவியிருந்தா 5.4 டிபை வந்திருக்கணும். அதோட ஒப்பிட்டா இது வெறும் 2 சதவீதம். அதுவும் தப்பான திசையில. கார்பன் மைனஸ், ஆக்சிஜன் பிளஸ்.

ஏன்? ரெண்டு படியா பார்க்கலாம்.

முதல் படி, வரவு செலவுக் கணக்கு. கார்பனோட வெளிச்சுற்றுல 4 எலக்ட்ரான், ஆக்சிஜனோடதுல 6. மொத்தம் 10. இதுல 6 எலக்ட்ரான் ரெண்டு அணுவுக்கும் நடுவுல மூணு பிணைப்பா உக்காந்திருக்கு. மிச்சம் 4-ல கார்பன்கிட்ட ஒரு ஜோடி, ஆக்சிஜன்கிட்ட ஒரு ஜோடி. பிணைப்புல இருக்கிற 6-ஐ ஆளுக்குப் பாதின்னு பிரிச்சா, கார்பன்கிட்ட 5, ஆக்சிஜன்கிட்ட 5. கார்பன் 4 கொண்டுவந்து 5 வச்சிருக்கு. ஆக்சிஜன் 6 கொண்டுவந்து 5 வச்சிருக்கு. அதாவது இந்தக் கூட்டுல ஆக்சிஜன்தான் அதிகமா முதல் போட்டிருக்கு. இந்தக் கணக்குப்படி கார்பன் மைனஸ் ஒண்ணு, ஆக்சிஜன் பிளஸ் ஒண்ணு.

ஆனா பிணைப்பு எலக்ட்ரான்கள் நிஜத்துல பாதிப் பாதியா இருக்காது. ஆக்சிஜன் போட்ட முதலை இழுத்துத் திரும்ப எடுத்துக்கும். நிறையவே எடுத்துக்கும். ஆக, ஒரு பெரிய நகர்வு கார்பன் பக்கம், இன்னொரு பெரிய நகர்வு ஆக்சிஜன் பக்கம். ரெண்டும் ஒண்ணையொண்ணு கிட்டத்தட்ட அழிச்சுடுது. அந்த 0.11 "உள்ளே ஒண்ணும் நடக்கலை"ன்னு சொல்ற எண் இல்லை. ரெண்டு பெரிய எண்களைக் கழிச்சதுல மிஞ்சினது.

ரெண்டாவது படிதான் சுவாரசியம். மூலக்கூறுக்குள்ள இருக்கிற இடத்தை அணுவுக்கு இவ்வளவுன்னு எல்லை போட்டுப் பிரிச்சு எலக்ட்ரானை எண்ணுற முறைகள் இருக்கு. ரிச்சர்ட் பேடர்ங்கறவர் உருவாக்கின முறை அதுல பிரபலம். அந்த முறையில எண்ணினா கார்பன் சுமார் ஒரு எலக்ட்ரானை இழந்து பிளஸ்ஸாத்தான் இருக்கு, ஆக்சிஜன் மைனஸ்ஸாத்தான் இருக்கு. அதாவது பிளஸ் டூ பதில்! அப்புறம் எப்படி மைனஸ் முனை கார்பன் பக்கம்?

மின்னூட்டம் பெருக்கல் தூரம்னு சொன்னேன் இல்லையா, அதைக் கொண்டுவாங்க. கார்பன்கிட்ட இருக்கிற அந்தத் தனி ஜோடி, ஆக்சிஜனுக்கு நேர் எதிர்ப்பக்கம், வெளியே பார்த்து, நல்லா உப்பலா நீட்டிக்கிட்டு இருக்கு. சரக்கு கம்மியா இருந்தாலும் இருக்கிறதை எல்லாம் வாசல்ல அடுக்கி வச்சிருக்கிற கடை மாதிரி. பார்க்ல சீசா விளையாடும்போது நடுவுல இருந்து தள்ளி, ஓரத்துல உக்காந்த சின்னப் பையன், நடுவுக்குக் கிட்ட உக்காந்த பெரியவரைத் தூக்கிடுவான் இல்லையா, அதே கணக்கு. ஆக்சிஜன்கிட்ட எலக்ட்ரான் அதிகம். கார்பன்கிட்ட கம்மி, ஆனா தள்ளி இருக்கு. கடைசியில கார்பன் பக்கம் மயிரிழையில ஜெயிக்குது.

இங்க ஒரு சின்ன எச்சரிக்கை. "ஒரு அணு மேல இருக்கிற மின்னூட்டம்"ங்கறது எல்லையை எங்க போடுறோம்ங்கறதைப் பொறுத்து மாறும். வேற முறையில பிரிச்சா வேற எண் வரும். டைபோல் அப்படி இல்லை. அது சோதனையில நேரா அளக்கிற எண்.

அளந்தது யார், தடுமாறினது எது

எண்ணோட அளவைக் கண்டுபிடிக்கிறது ஒரு வேலை, திசையைக் கண்டுபிடிக்கிறது வேற வேலை. வாயுவை மின்புலத்துல வச்சா அதோட நிறமாலைக் கோடுகள் நகரும், பிரியும். அதுல இருந்து அளவு கிடைச்சிடும். ஆனா எந்த முனை மைனஸ்னு அது சொல்லாது.

திசையை 1958-ல கண்டுபிடிச்சது ரோசன்ப்ளம், நெதர்காட், டவுன்ஸ்ங்கற மூணு பேர். டவுன்ஸ்னா சார்லஸ் டவுன்ஸ், மேசரைக் கண்டுபிடிச்சு 1964-ல நோபல் பரிசு பகிர்ந்துக்கிட்டவர். அவங்க செஞ்ச வேலை இதுதான். சுழலுற மூலக்கூறு ஒரு குட்டிக் காந்தம். கார்பனையோ ஆக்சிஜனையோ கனமான ஐசோடோப்பா மாத்தினா எலக்ட்ரான்கள் அப்படியேதான் இருக்கும், ஆனா எடையோட மையம் கொஞ்சம் நகரும். மையம் நகர்ந்தா அந்தக் காந்தத்தோட வலிமை மாறும். அது எந்தப் பக்கமா மாறுதுங்கறது டைபோலோட திசையைப் பொறுத்தது. அதை வச்சுக் கார்பன்தான் மைனஸ்னு முடிவு பண்ணினாங்க.

கம்ப்யூட்டரும் இதுல தடுமாறியிருக்கு. ஹார்ட்ரீ-ஃபாக்னு ஒரு அடிப்படையான கணக்கீட்டு முறை. அதுல ஒவ்வொரு எலக்ட்ரானும் மத்த எலக்ட்ரான்களோட சராசரியை மட்டும்தான் பார்க்கும். எவ்வளவு துல்லியமா ஓட்டினாலும் இந்த முறை கார்பன் மோனாக்சைடுக்குத் திசையைத் தலைகீழாத்தான் கொடுக்கும். எலக்ட்ரான்கள் அந்தந்த நொடியில ஒண்ணையொண்ணு தவிர்த்து விலகிப் போறதையும் சேர்த்தாதான் சரியான திசை வரும். கோடுல பக் இல்லை. சராசரியை நம்பினதுலதான் பிரச்சினை. நம்ம டாஷ்போர்டு கதையேதான்.

அந்த ஜோடி இரும்பைப் பார்த்தா

இப்ப உடம்புக்குள்ள வருவோம். ரத்தத்துல ஹீமோகுளோபின், அதுல நாலு இரும்பு அணு. நுரையீரல்ல ஆக்சிஜன் வந்து இரும்புல ஒட்டிக்கும், தேவையான இடத்துல கழண்டுக்கும். கார்பன் மோனாக்சைடு வந்தா அதுவும் அதே இரும்புல ஒட்டும். எந்த முனையால? கார்பன் முனையால. வாசல்ல நீட்டிக்கிட்டு இருந்த அந்த ஜோடி எலக்ட்ரான் இரும்புக்குள்ள போகும். இரும்பும் தன்கிட்ட இருந்து கொஞ்சம் எலக்ட்ரானைத் திருப்பித் தரும். ரெண்டு பக்கமும் கை கோத்த பிடி.

ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். 0.11 டிபைங்கற அந்தச் சாய்மானம் இரும்பை இழுக்கலை, அது ரொம்பப் பலவீனம். எந்தத் தனி ஜோடி டைபோலைத் தலைகீழாக்கிச்சோ, அதே ஜோடிதான் இரும்பையும் பிடிக்குது. ஒரே காரணம், ரெண்டு விளைவு.

அந்தப் பிடி ஆக்சிஜனோடதை விட 200 மடங்குக்கு மேல வலுவானது. காத்துல ஆக்சிஜன் 21 சதவீதம். 21-ஐ 200-ஆல வகுத்தா சுமார் 0.1. அப்படின்னா, காத்துல ஆயிரத்துல ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு இருக்கிற அறையில போதுமான நேரம் இருந்தா, ஹீமோகுளோபின்ல கிட்டத்தட்ட பாதியை அது பிடிச்சுக்கும். மிச்சம் இருக்கிற பாதியும் ஆக்சிஜனைச் சரியா விட்டுக் கொடுக்காது. அது உயிரை எடுக்கிற நிலைமை.

டைபோல் இவ்வளவு சின்னதா இருக்கிறதால இன்னொரு சிக்கலும் இருக்கு. தண்ணிக்கு இதைப் பிடிக்க ஒரு பிடிமானம் கிடையாது. உப்பைக் கரைக்கிற அதே தண்ணி, ஒரு லிட்டருக்கு 30 மில்லிகிராம் கூட இந்த வாயுவைக் கரைக்காது. அதனால ஈரத்துணியை மூக்குல கட்டினா இது நிக்காது. நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரியாது, இருமல் வராது.

வீட்டுல இருக்கிற பல்ஸ் ஆக்சிமீட்டரும் உதவாது. அது சிவப்பு, அகச்சிவப்புன்னு ரெண்டு ஒளியை விரல் வழியா அனுப்பிப் பார்க்குது. கார்பன் மோனாக்சைடு ஒட்டின ஹீமோகுளோபினும் சிவப்பு ஒளிக்கு ஆக்சிஜன் ஒட்டினது மாதிரியே தெரியும். ஆள் மயங்கிக்கிட்டு இருப்பார், திரை 98-ன்னு காட்டும்.

புயல் முடிஞ்ச ராத்திரி

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. தென்னை, மின்கம்பம், ஓட்டு வீடு எல்லாம் விழுந்துச்சு. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் பல கிராமங்கள்ல நாள்கணக்கா, சில இடங்கள்ல வாரக்கணக்கா கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்துல கைகொடுக்கிறது ஜெனரேட்டர். மோட்டார் போடணும், போன் சார்ஜ் ஏத்தணும். மழை பெய்யும், மெஷின் நனையக் கூடாதுன்னு தோணும். உள்ளே இழுத்து வைக்கணும்னு கை போகும். அங்கதான் ஆபத்து.

பெட்ரோல் முழுசா எரிஞ்சா கார்பன் டை ஆக்சைடு. அரைகுறையா எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு. ஜெனரேட்டர் ரெண்டையும்தான் கக்கும். அமெரிக்காவுல 2020-ல லூசியானாவைத் தாக்கின லாரா புயல்ல இறந்தவங்கள்ல பலர் காத்துலயோ வெள்ளத்துலயோ இறக்கலை, புயல் போன பிறகு ஜெனரேட்டர் புகையால இறந்தாங்க.

அதனால ஜெனரேட்டர் எப்பவும் வெளியே. வீட்டுல இருந்து குறைஞ்சது 20 அடி தள்ளி, புகைக்குழாய் கதவு ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து. திண்ணையில, மாடிப்படிக்குக் கீழ, கார் ஷெட்டுல வைக்கிறது வெளியே வைக்கிறது ஆகாது. ஜன்னலைத் திறந்து வச்சிருக்கோம்ங்கற சமாதானமும் போதாது.

நகரத்துல இருக்கிறவங்களுக்கு இதே ஆபத்து வேற உருவத்துல வரும். காத்து போக வழி இல்லாத பாத்ரூம்ல கேஸ் கீசர். ஊட்டி, கொடைக்கானல் ட்ரிப்ல குளிருக்கு ரூமுக்குள்ள எடுத்துட்டு வர்ற கரி அடுப்பு. பார்பிக்யூ முடிஞ்சதும் தணல் இருக்கேன்னு டெண்ட்டுக்குள்ள வைக்கிறது. மூடின ஷட்டருக்குள்ள ஓடுற வண்டி.

அறிகுறி தலைவலி, தலைசுத்தல், குமட்டல், தூக்கம். ஃபுட் பாய்சன்னு நினைச்சுப் படுத்துடுவோம். ஒரே வீட்டுல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலின்னா சந்தேகப்படுங்க. முதல்ல வெளியே வாங்க, மத்தவங்களையும் வெளியே கொண்டுவாங்க, அப்புறம் 108. டாக்டர்கிட்ட "ஜெனரேட்டர் ஓடிச்சு", "கீசர் ஓடிச்சு"ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. ஏன்னா ஆக்சிமீட்டர் சொல்லாது. சாதாரணக் காத்துல உடம்புல இருக்கிறது பாதியாக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும். மாஸ்க்ல முழு ஆக்சிஜன் கொடுத்தா ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துல பாதியாகிடும்.

கடைசியா, ஆன்லைன்ல கிடைக்கிற கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் பத்தி. வீட்டுக்கான டிடெக்டர்கள்ல பலதும் வேலை செய்யுறது எப்படி தெரியுமா? உள்ளே ஒரு பிளாட்டினம் முனை. வாயு அதுல போய் ஒட்டும். எந்தப் பக்கத்தால? ஆமா, கார்பன் பக்கத்தால. ஒட்டின மூலக்கூறு தண்ணியோட சேர்ந்து கார்பன் டை ஆக்சைடா மாறும்போது ரெண்டு எலக்ட்ரானை விடும். அது ஒயர்ல கரண்டா ஓடும், அலாரம் அடிக்கும். இரும்பைப் பிடிச்சு ஆளைக் கொல்ற அதே முனை, பிளாட்டினத்தைப் பிடிச்சா தன்னைத் தானே காட்டிக் கொடுத்துடுது.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு வருஷமும் வரும், டெல்டா கரையோரத்துக்குப் புயலும் வரும். ஊர்ல அப்பா அம்மா ஜெனரேட்டர் வச்சிருந்தா இன்னைக்கே ஒரு போன் போட்டு, அது எந்த இடத்துல இருக்குன்னு மட்டும் கேளுங்க. கெமிஸ்ட்ரி எல்லாம் சொல்ல வேண்டாம். "வெளிய வைங்கப்பா, இருபது அடி தள்ளி" போதும்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம். வணக்கம்.